நாலாவது காம்பு

நீ சூன்,
சிங்கப்பூர், 27 ஜனவரி 1960

தம்பி அழகப்பனுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய். இங்கே யாரும் நன்றாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் விலாசம் எனக்குத் தெரியாது. சிராங்கூன் சாலையில் நம் பாலை வாங்கி டீ ஆற்றுகிற ஜலாலுதீன் பாய்க்குத் தெரியும் என்பது மட்டும் தெரியும். நேரிலேயே போய்க் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு, கிளாஸ் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் இந்தக் கடிதத்தை அவர் கல்லாவிலேயே வைத்துவிட்டு வரப்போகிறேன். உன் கைக்கு வந்துவிடும்.

பண்ணையில் பால் கறக்கிறவன் பொங்கலுக்கு முந்தின நாள் சொல்லாமல் கொள்ளாமல் போவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. மாட்டுக் கொம்புக்கு வர்ணம் குழைத்து வைத்தாயே, அது டப்பாவோடு காய்ந்து கிடக்கிறது. மாட்டுப் பொங்கலன்று ஒரு மாட்டுக்கும் கொம்பில் வர்ணம் ஏறவில்லை. நீ அண்ணன் என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் இப்படிப் போயிருப்பாயா? பொம்பளை முதலாளிதானே என்ற இளக்காரமா?

நீ போனதைப் பார்த்து உன்னோடு கறந்த பையன்கள் இருவரும் போய்விட்டார்கள். ஒருவன் செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கப்பல் தளத்துக்கு, இன்னொருவன் பட்டாள முகாமுக்கு. "எட்டு மணி நேர வேலை அக்கா, ஞாயிறு லீவு லா" என்று மலாய்க்காரன் மாதிரி இழுத்து என் முகத்துக்கு நேரே சொன்னான். என் கையால் சோறு தின்று வளர்ந்த பயல்! ஊரிலிருந்து புது ஆள் வரவழைக்கலாம் என்றால் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. கிழவர் முத்துசாமியும் நானும்தான் மிச்சம். ஜோகூரிலிருந்து ஒருவனைப் பிடித்து வந்திருக்கிறேன். அவன் கை பட்டால் மாடுகள் காலைத் தூக்குகின்றன.

செவலை பாலை அடக்கிக்கொள்கிறது. அதன் கன்று செத்துப்போயிற்று.

சம்பளம் கூட்டித் தருகிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடேயே வந்து கற.

ரத்தினம்மா


புக்கோம் தீவு,
31 ஜனவரி 1960

முதலாளியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை பாய் கொடுத்தார். நான் இப்போது தீவில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு வர்ணம் அடிக்கிறேன். தங்குவதும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகில் டவுனுக்கு வருவேன்.

நான் சொல்லாமல் போனேன் என்கிறீர்கள். சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

கண்மணியையும் லீலாவையும் இங்கே அழைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஊருக்குப் போய்வர லீவு வேண்டும், குடும்பம் தங்க இடம் உண்டு என்று முதலாளி எழுதித் தர வேண்டும் என்று முதல் முறை கேட்டபோது லீலாவுக்குப் பால்பல் விழவில்லை. "இந்த ஈத்து முடியட்டும் தம்பி" என்றீர்கள். அடுத்த வருஷம் கேட்டேன். "தீபாவளி ஆர்டர் போகட்டும்" என்றீர்கள். அதற்கப்புறம் கேட்டபோது, "ஆம்பளைங்க தூங்குற கொட்டாயில குடும்பத்த எங்க வைக்கிறது" என்றீர்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு இங்கே மாட்டுக்குக் கன்றை ஊட்டவிட்டுக் கறந்துகொண்டிருந்தேன்.

புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு குடிநுழைவு ஆபீசுக்கு ஓடினேன். பெண் பிள்ளைக்கு ஆறு வயது தாண்டிவிட்டது, இனி வர முடியாது, மனைவிக்கு மட்டும் வேண்டுமானால் மனுப் போடு என்றார்கள். அன்றைக்கு பஸ்ஸில் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்காமல், "சரி, பொங்கல் போகட்டும், பேசுவோம்" என்றீர்கள்.

அதனால்தான் பொங்கலுக்கு முன்னால் போனேன்.

கன்று எப்படிச் செத்தது? அதை மட்டும் எழுதுங்கள். நாலு காம்பையும் கறந்தார்களா?

அழகப்பன்


நீ சூன்,
9 பிப்ரவரி 1960

தம்பி அழகப்பனுக்கு,

இத்தனை வருஷமாக அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் முதலாளியம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையைப் படித்ததும் மேலே படிக்க முடியாமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் முழுதும் படித்தேன்.

ஆமாம். நாலு காம்பையும் கறந்தார்கள். கறக்கச் சொன்னது நான்தான்.

நீ மூன்று காம்பு கறந்துவிட்டு நாலாவதைக் கன்றுக்கு விட்டு எழுந்து வருவாய். அதற்காக உன்னோடு நான் போடாத சண்டை இல்லை. "ஊர்ல எல்லாரும் ஒட்டக் கறக்குறாங்க, நீ என்ன தர்மப்பிரபுவா" என்று கேட்டிருக்கிறேன். நீ தலையை ஆட்டுவாய். மறுநாளும் மூன்றுதான் கறப்பாய். நீ போனதும், சரி, இனிமேல் முழுசாய்க் கறக்கலாம் என்று எனக்குள்ளே ஒரு நிம்மதிகூட வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். ஜோகூர்க்காரனிடம் சொன்னேன். அவன் கன்றை முட்டவிட்ட கையோடு இழுத்துக் கட்டிவிட்டு ஒட்டக் கறந்தான். கன்று வற்றிப்போய், கழிந்து, ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் மோசம். கன்று இல்லாமல் செவலை ஒரு சொட்டு இறக்கவில்லை. ஜோகூர்க்காரன் செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோலை அடைத்துத் தைத்து, தாயின் முன்னால் நிறுத்தினான். எல்லா இடத்திலும் செய்வதுதான் என்றான். செவலை அதை முகர்ந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. நக்க நக்கப் பால் இறங்கிற்று. அவன் வாளி நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். அன்றிலிருந்து எனக்குப் பால் சோறு இறங்கவில்லை. அந்தப் பொம்மையைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லிவிட்டேன். அவனையும் அனுப்பிவிட்டேன்.

ஆனால் நானும் கேட்கிறேன் அழகப்பா. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நாள் பால் தாமதமானால், "தகரப்பால் இருக்கும்மா, அது லீவு கேக்காது, மடி வீங்காது" என்று பாய் சிரிக்கிறார். சிரித்தாலும் அவர் கடை அலமாரியில் டின்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இந்தக் கொட்டகையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். உங்களை நான் பட்டினி போட்டேனா? என் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் உங்கள் தட்டில் போட்டேனா இல்லையா?

செவலைக்கு என்ன செய்வது என்றாவது எழுது.

ரத்தினம்மா


புக்கோம் தீவு,
21 பிப்ரவரி 1960

முதலாளியம்மா அவர்களுக்கு,

செவலையின் கழுத்தடியைச் சொறிந்துகொடுங்கள். தவிட்டில் வெல்லம் கரைத்து முன்னால் வையுங்கள். வலது பக்கம் உட்கார்ந்தால் அதற்குப் பிடிக்காது. யார் கறந்தாலும் பேசிக்கொண்டே கறக்கட்டும். என்ன பேசினாலும் சரி, திட்டினாலும் சரி, குரல் கேட்க வேண்டும். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்காது.

சோறு போட்டீர்கள். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதுதான் எங்கள் வாயைக் கட்டியது. உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டு, கை கழுவின ஈரம் காயுமுன் உங்களிடமே லீவு கேட்பது எப்படி? சம்பளம் மட்டும் தருகிற முதலாளியாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டிருப்பேன். நீங்கள் அக்காவாக இருந்தீர்கள். அக்காவிடம் சண்டை போடாமல் ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது.

பையன்கள் சம்பளத்துக்காக மட்டும் ஓடவில்லை. பண்ணையில் ஊர் தூங்கும்போது ஒரு கறவை, ஊர் சாப்பிடும்போது ஒரு கறவை. எந்த நேரமும் தனக்கென்று கிடையாது. ஒரு சினிமா முழுதாகப் பார்க்க முடியாது. எவன் பெண் கொடுப்பான்? இங்கே சங்கு ஊதினால் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிடலாம். அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரலாம். முதல் வாரம் சும்மா உட்காரவே எனக்குத் தெரியவில்லை. கை தானாக மடியைத் தேடியது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் போனால் ஒட்டக் கறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். செவலை அப்போதுதான் ஈன்றிருந்தது. தெரிந்தேதான் போனேன். உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் அந்த வாயில்லாத கன்றை விட்டுவிட்டுப் போனேன். அது என் கணக்கிலும் உண்டு.

லீவு கொடுக்கவில்லை என்று உங்களைக் குறை சொல்கிறேன். கொடுக்காவிட்டாலும் போயிருக்கலாம். "அழகப்பன் கை இல்லேன்னா செவலை கறக்காது" என்று நீங்கள் நாலு பேரிடம் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெருமையில் பிள்ளையைக் கோட்டைவிட்டேன்.

அழகப்பன்


நீ சூன்,
3 ஏப்ரல் 1960

தம்பி அழகப்பனுக்கு,

செவலை கறக்கிறது. முன்பு போல இல்லை, ஆனால் கறக்கிறது. தினமும் நான் பக்கத்தில் நின்று அதைத் திட்டுகிறேன். நீ சொன்னது சரிதான், எனக்குக் கஷ்டமாக இல்லை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் யோசித்தேன். பிறகு மாடுகளில் பாதியை விற்றுவிட்டேன். கசாப்புக்கு இல்லை, பயப்படாதே. பொத்தோங் பாசிரில் மாடு வைத்திருக்கிற நம் ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டார். மிச்சமுள்ளவற்றை முத்துசாமியாலும் புதிதாகச் சேர்ந்த ஓரிருவராலும் சமாளிக்க முடிகிறது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து லீவு. முத்துசாமி முதல் லீவு நாளில் எங்கேயும் போகாமல் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் வேலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தேக்கா சந்தை வரைக்கும் போய் மீன் வாங்கிக்கொண்டு வருகிறார்.

காலைக் கறவையை விடிந்த பிறகு வைத்திருக்கிறேன். பாயிடம் போய்ச் சொன்னபோது, "விடியக் காலம் டீ குடிக்கிறவனுக்கு நான் என்னத்த ஊத்துறது, வெந்நீரையா?" என்று குதித்தார். முதல் நாள் சாயங்காலப் பாலைக் காய்ச்சி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புதுப் பால் பிறகு வரும் என்றேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது அதையே தன் யோசனை மாதிரி பக்கத்துக் கடைக்காரனுக்குச் சொல்கிறாராம்.

ஆம்பளை கிடைக்கவில்லை என்றால் என்ன? பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து பூவம்மாவைக் கறக்க வைத்திருக்கிறேன். புருஷன் முகாமில் தோட்ட வேலை. பொம்பளை கறந்தால் பால் கெட்டுப்போகும் என்று முத்துசாமி முனகினார். பூவம்மா வாளியை நிரப்பிக்கொண்டு வந்து அவர் மூக்குக்குக் கீழே வைத்தாள்.

ஆள்கள் தூங்குகிற கொட்டகையைப் பலகை அடித்துத் தடுத்து, குடும்பம் தங்குகிற அறைகளாக்கிவிட்டேன். ஒன்று காலியாக இருக்கிறது.

அழகப்பா, கண்மணியை அழைத்து வா. மனு எழுதுகிற ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டேன். முதலாளி என்று நான் கையெழுத்துப் போடுகிறேன், ஆபீசுக்கு நானே வருகிறேன். முதலில் தாய் வரட்டும். தாய் இங்கே இருக்கிறாள் என்று மறுபடி மனுப் போட்டால் பிள்ளை வந்துவிடும். பெற்றவள் இங்கே இருக்கும்போது பிள்ளையைத் தராமலா போவார்கள்?

ரத்தினம்மா


புக்கோம் தீவு,
17 ஏப்ரல் 1960

முதலாளியம்மா அவர்களுக்கு,

கண்மணிக்கு எழுதினேன். பதில் வந்துவிட்டது. லீலாவை அவள் தாய்மாமன் வீட்டில் விடலாம், அத்தைக்காரி நல்லவள்தான் என்கிறாள். ஆனால் கடைசியில், "நிச்சயமாகப் பிள்ளை பின்னால் வந்துவிடும் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் வரமாட்டேன்" என்று எழுதச் சொல்லியிருக்கிறாள்.

தீவில் குடும்பம் வைக்க விடமாட்டார்கள். டவுனில் ஒரு படுக்கை இடம் கிடைப்பதே பாடாக இருக்கிறது. அவள் வந்தால் உங்கள் அறையில்தான் இருக்க வேண்டும். உங்கள் கொட்டகையில்தான் வேலை செய்வாள். அவள் மாட்டுக்காரர் வீட்டுப் பெண். அது உங்களுக்கும் தெரியும்.

அதனால் கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இதை எனக்காகச் சொல்கிறீர்களா, கொட்டகைக்காகச் சொல்கிறீர்களா? நெஞ்சில் கை வைத்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைத்தான் அவளுக்கு எழுதப்போகிறேன்.

அழகப்பன்


நீ சூன்,
20 ஏப்ரல் 1960

தம்பி அழகப்பனுக்கு,

உனக்காகத்தான். செவலை மேல் ஆணை.

பிள்ளை வந்துவிடும் என்று கண்மணிக்கு எழுது.

ரத்தினம்மா


நீ சூன்,
28 ஆகஸ்ட் 1960

தம்பி அழகப்பனுக்கு,

ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாய். கேட்டுக்கு வெளியே பால் வாங்க வந்த சைக்கிள்காரன் மாதிரி நிற்கிறாய். கண்மணியை அழைத்துக்கொண்டு ஃபேரர் பார்க் பக்கம் போய்விட்டு, இருட்டுகிறதுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாய். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால் உன் ரோஷம் குறைந்துவிடுமா? பேச முடியாததால் ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் தலை ஒட்டுகிறேன்.

உன் பெண்டாட்டி கையைப் பற்றி எழுதத்தான் இது. வந்த இரண்டாம் நாளே செவலைக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அப்புறம் கறந்தாள். நீ கறந்த காலத்துக்குப் பிறகு செவலை அப்படி இறக்கி நான் பார்க்கவில்லை. மற்ற மாடுகளிலும் மூன்று காம்பு கறந்துவிட்டு நாலாவதைக் கன்றுக்கு விட்டு எழுந்துகொள்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செவலை மறுபடி சினையாக இருக்கிறது. மார்கழிக் கடைசியில் ஈனும்.

கண்மணி அதிகம் பேசுவதில்லை. லீலாவின் போட்டோவை அறையில் மாட்டி வைத்திருக்கிறாள். மனுவுக்குப் பதில் வந்ததா? நானும் தினம் எதிர்பார்க்கிறேன்.

ரத்தினம்மா


புக்கோம் தீவு,
20 நவம்பர் 1960

முதலாளியம்மா அவர்களுக்கு,

பதில் வந்துவிட்டது. கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு நேரிலும் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பையன் நல்லவன். "அண்ணே, தாயார் இங்க இருக்காங்கன்றதால வயசு குறைஞ்சிடாதுண்ணே" என்றான்.

கண்மணியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரி, பஸ் வந்துடுச்சு" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். போன ஞாயிறும் அப்படித்தான். லீலாவிடமிருந்து கடிதம் வந்தால் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள், பிறகு வாங்கி மடித்துக்கொள்கிறாள். சிராங்கூன் சாலையில் பள்ளிக்கூடப் பெண்கள் யாராவது ரிப்பன் கட்டிக்கொண்டு போனால் நின்றுவிடுகிறாள்.

உங்களிடமாவது ஏதாவது சொல்கிறாளா? சாப்பிடுகிறாளா? நான் உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. என் பெண்டாட்டியைப் பற்றி எனக்குத் தெரியவில்லை.

அழகப்பன்


நீ சூன்,
18 டிசம்பர் 1960

தம்பி அழகப்பனுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்கப் போவதில்லை.

நேற்று கண்மணி வைக்கோல் எடுக்கப் பரணில் ஏறினாள். இறங்கி வரும்போது கையில் அந்தத் தோல் பொம்மை இருந்தது. எலி கடித்து, ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. "இது என்னக்கா?" என்றாள். முத்துசாமி இருந்திருந்தால் அவரைச் சொல்லச் சொல்லியிருப்பேன். அவருக்கு லீவு நாள். நானே சொன்னேன். கன்று எப்படிச் செத்தது என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஏமாந்துதான் சுரந்திருக்கு பாவம்" என்றாள். அப்புறம், "நானும் அப்படித்தானேக்கா வந்தேன்? பிள்ள வரும்னு" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன் அழகப்பா. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் குத்திக்காட்டவில்லை. மனதில் பட்டதைச் சொன்னாள். ரம்புத்தான் மரத்துக்குக் கீழே குழி வெட்டி அதைப் புதைத்தாள். கை கழுவிவிட்டு வந்து செவலைக்குத் தவிடு வைத்தாள். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

நெஞ்சில் கை வைத்து எழுதச் சொன்னாய். உனக்காகத்தான் என்று எழுதினேன். ஆணை வேறு வைத்தேன். அந்தக் கடிதத்தை எழுதியபோது என் கண் முன்னால் நின்றது உன் பிள்ளையும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்த உன் பால் வாளிதான். மாட்டுக்காரர் வீட்டுப் பெண் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கூப்பிட்டேன். மனு எழுதுகிறவர் பிள்ளை வந்துவிடும் என்று என்னிடம் சொல்லவே இல்லை. "வரலாம், சொல்ல முடியாது" என்றுதான் சொன்னார். நான்தான் அதை வந்துவிடும் என்று ஆக்கினேன். ஒரு தடவை உன்னை நிறுத்திவைத்துப் பிள்ளையைப் பிரித்தேன். அடுத்த தடவை தாயையும் இழுத்து வந்து பிரித்துவிட்டேன். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று தவித்த தவிப்பில் நான் மனுஷியாகவே இல்லை.

அவள் இங்கே இருக்கக் கூடாது. ஏழு வயதுப் பெண் அங்கே அத்தை வீட்டில் வாசல் கூட்டிக்கொண்டிருக்க, தாய் இங்கே என் மாட்டைக் கறக்க வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறது. டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். உனக்கும் சேர்த்துத்தான். நீ போவதும் இருப்பதும் உன் இஷ்டம். தீவு வேலை நல்ல வேலை, விட்டுவிட்டுப் போனால் திரும்பி வர விடுவார்களா தெரியாது. யோசித்துக்கொள். ஆனால் இவளை அனுப்பப்போகிறேன்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதற்கு எனக்கு முகம் இல்லை.

ரத்தினம்மா


புக்கோம் தீவு,
2 ஜனவரி 1961

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ரொம்பக் கோபம் வந்தது. கிழித்துக் கடலில் போடலாம் என்று படகுத்துறை வரைக்கும் போனேன். போட முடியவில்லை.

ஆணையைப் படித்த அன்றே எனக்குச் சந்தேகம்தான் அக்கா. இரண்டு வரியில் நீங்கள் என்றைக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்? சந்தேகத்தோடேயே கண்மணிக்கு நிச்சயம் என்று எழுதினேன். அவளைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. உங்கள் பொய் எனக்கும் வேண்டியிருந்தது. அதனால் உங்களைத் திட்ட எனக்கும் முகம் இல்லை.

நானும் போகிறேன். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். "பைத்தியமா நீ, இந்த மாதிரி வேலை மறுபடி கெடைக்குமா லா" என்றார். கிடைக்காதுதான். லீலா என்னை அடையாளம் கண்டுகொள்ளாமல் போகிற வயதுக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும்.

ஒரு விஷயம். நேற்று டவுனில் பாய் சொன்னார். பொங்கல் ஆர்டர் நிறைய வந்திருக்கிறதாம். பூவம்மாவுக்கும் உடம்பு சரியில்லையாம். செவலையும் இன்றோ நாளையோ ஈனும். தலையீத்திலிருந்து அதற்கு நான்தான் பக்கத்தில் இருந்திருக்கிறேன், போன வருஷம் விட்டுவிட்டுப் போனது என்னை இன்னும் அறுக்கிறது. கண்மணியும் அதேதான் சொல்கிறாள், "அக்காவ தனியா விட்டுட்டுப் போறது பாவமா இருக்கு" என்கிறாள். மாசக் கடைசியில் இன்னொரு கப்பல் இருக்கிறது. நான் கொட்டகைக்கு வந்து கறக்கிறேன்.

இந்தப் பொங்கல் போகட்டும் அக்கா. அப்புறம் கிளம்புகிறோம்.

தம்பி
அழகப்பன்


நீ சூன்,
4 ஜனவரி 1961

அழகப்பா,

உதை வாங்குவாய்.

பொங்கல் போகட்டுமாம்! அந்த வார்த்தையை இனி இந்தக் கொட்டகையில் யார் சொன்னாலும் வெளியே துரத்துவேன். உன்னையும் சேர்த்துத்தான். உன்னை எத்தனை பொங்கல் நிறுத்தி வைத்தேன், இன்னும் ஒன்று வேண்டுமா? லீலாவுக்கு எழுதிவிட்டேன், முந்தின கப்பலிலேயே வருகிறார்கள் என்று. என் கையெழுத்தில், என் பெயரில் எழுதினேன். பிள்ளையிடம் என்னை இன்னொரு தடவை பொய்க்காரி ஆக்காதே.

ஆர்டரை எல்லாம் பாதியாக வெட்டிவிட்டேன். பாயிடம் போய், "பொங்கலுக்கு என்னால் இவ்வளவுதான் முடியும், மிச்சத்துக்கு உங்க தகரப்பால ஊத்துங்க" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "அழகப்பனுக்கு வழியில சாப்பிட ஏதாச்சும் கட்டித் தர்றேன்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே நிற்காதே. உள்ளே வா. சாப்பிட்டுவிட்டுத்தான் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். இந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

செவலை நேற்று ஈன்றது. கிடேரிக் கன்று, தாய் மாதிரியே நெற்றியில் சுழி. கண்மணியைக் கறக்க விடவில்லை. போகப் போகிறவள், போய்த் துணியை மடி என்று விரட்டிவிட்டேன். நானே இடது பக்கம் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் பண்ணை நடத்தியும் என் கை அந்த மடியில் பட்டதில்லை. மூன்று காம்பில் கொஞ்சம் சீம்பால் எடுத்தேன். நாலாவதைத் தொடவில்லை. கன்றை அவிழ்த்துவிட்டேன். அது முட்டி முட்டிக் குடித்து முடிக்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மற்ற மாடுகளைக் கறக்கத் தாமதமாகிவிட்டது. டீக்கடைக்குப் பால் வெயில் ஏறினப்புறம்தான் போயிற்று.

அக்கா